ஹெர்பேரியம்: தொகுப்பா, அகமா?

செடிகளை உலர்த்தி, பெயரும் கிடைத்த இடமும் நாளும் குறித்து, ஆய்வுக்காகக் காத்து வைக்கும் தொகுப்பு ஹெர்பேரியம். அதை வைத்திருக்கும் கட்டடத்துக்கும் அதே பெயர்தான். தமிழாக்குபவர் தடுமாறுவது இங்கேதான்.

லத்தீனில் 'ஹெர்பா' என்றால் புல், பூண்டு. இடைக்கால ஐரோப்பாவில் ஹெர்பேரியம் என்பது மருந்துச் செடிகளைப் பற்றிய ஏடு. செடியை உலர்த்தித் தாளில் ஒட்டும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் லூக்கா கினியால் பரவியது. அத்தொகுப்பை 'ஹோர்ட்டஸ் சிக்கஸ்', அதாவது உலர்தோட்டம், என்றார்கள். 1700 வாக்கில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் தூர்ன்ஃபோர் ஹெர்பேரியம் என்ற சொல்லை இந்தப் பொருளில் ஆண்டார். செடிகளுக்கு இரட்டைப்பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் கையில் அது நிலைத்தது.

இதைத் தமிழில் 'மூலிகையகம்' என்று எழுதினால் நாட்டு மருந்துக்கடைதான் நினைவுக்கு வரும். தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேர்த்ததில் பெரும்பகுதிக்கு அந்தப் பெயர் ஒட்டவே ஒட்டாது. யார்க்‌ஷயர்க்காரரான அவர் 1849இல் பிரேசிலில் இறங்கி, 1864 வரை அமேசான் காடுகளிலும் ஆண்டிஸ் மலைகளிலும் அலைந்தார். அவர் மனம் தோய்ந்தது இலையுள்ள ஈரலுருத் தாவரங்களில் (liverworts). மரப்பட்டையிலும் பிற செடிகளின் இலைமேலும் படர்ந்து, பாசியென்று தோன்றும் நுண்செடிகள் இவை. (ஈரல் மடல்போல இருப்பவை தட்டை வகைகள், இவற்றுக்கு அந்த உருவே கிடையாது, பெயர் மட்டும் பொது.) இவற்றைப் பற்றிய அவருடைய பெருநூல் 1884–85இல் எடின்பரோ தாவரவியல் கழக வெளியீடாக வந்தது. அவருடைய ஈரலுருத் தாவரத் தொகுப்பு இப்போது மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவற்றைத் தாளில் ஒட்டுவதில்லை. நனைத்துப் பார்க்க வேண்டுமே. மடித்த காகித உறைக்குள் போட்டு, மேலே விவரம் எழுதுவார்கள். ஒரு சிறு கிளையைக் கிள்ளி ஒரு சொட்டு நீர் விட்டால் சுருண்ட இலைகள் விரியும். இலையோரப் பல், தண்டின் அடிப்பக்கத்துச் சிற்றிலை, செல்சுவர் எல்லாம் நுண்ணோக்கியில் தெரியும். செல்லுக்குள் இருந்த எண்ணெய்த் திவலைகள் மட்டும் திரும்பி வராது. இனம் பிரிக்க மிகவும் உதவும் அடையாளம் அது. செடி உலரும்போதே போய்விடுகிறது. எத்தனை அருமையான பழைய உறைக்கும் இந்தக் குறை உண்டு.

ஸ்ப்ரூஸுக்கு நீலகிரித் தொடர்பும் உண்டு. 1860இல் எக்வடோரில் அவர் திரட்டிய, மலேரியா மருந்தான குவினைன் தரும் செம்பட்டைச் சின்கோனா மரத்தின் விதைகளும் நாற்றுகளும் உதகைக்கு வந்தன. வளர்த்தவர் அங்கே தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மக்ஐவர். அவரும் ஈரலுருத் தாவரப் பித்தர்தான்: உதகைக்கு வருமுன், 1847இல், பிரிட்டன் ஈரலுருத் தாவரங்களுக்கு ஒரு 'சட்டைப்பை ஹெர்பேரியம்' வெளியிட்டிருந்தார்.

சட்டைப்பைக்குள் போவதை 'அகம்' என்பதெப்படி? ஆகவே இரண்டு சொல்லையும் வைத்துக்கொள்ளலாம் என்பேன். பொருளுக்கு உலர்தாவரத் தொகுப்பு, இடத்துக்கு உலர்தாவரகம். கோவையில் இருந்துகொண்டே மெட்ராஸ் ஹெர்பேரியம் என்று பெயர் வைத்திருப்பது உலர்தாவரகம், பி.எஸ்ஸி. மாணவர் செய்முறைத் தேர்வன்று கொண்டுபோய் வைப்பது உலர்தாவரத் தொகுப்பு.