பிறந்தநாள் பார்சல்

போன ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பில் ஒரு சிறுவர் இல்லத்தில் உளவளத்துணைக்காக இருந்தேன். தங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு கொடுக்க வருகிறவர்களின் வேன், அன்றைக்கு மூன்றாவது, வாசலில் வந்து நின்றது. முன்னால் இருந்த பத்து வயதுப் பிள்ளை பேச்சை நிறுத்தினாள். "மிஸ், கேக் வெட்டப் போறாங்க. பாட்டுப் பாடிட்டு வாறன்."

பிறந்தநாள்காரனுக்கு ஒன்பது வயது. தகப்பன் சோற்றுப் பார்சலை ஒவ்வொன்றாக அவன் கையில் வைக்க, அவன் நீட்ட, மாமா போனில் படம் எடுக்க. நடுவில் தகப்பனைக் குனியச் சொல்லிக் கேட்டான்: "இன்னும் எத்தனை இருக்கு?"

"பிள்ளைக்கு இரக்கம் வரட்டும் எண்டுதான் மிஸ் கூட்டி வாறம்." பெற்றோர் இப்படிச் சொல்வதைக் கல்லடியிலும் கேட்டிருக்கிறேன், கல்முனையிலும் கேட்டிருக்கிறேன். இரக்கம் வராது. அவன் எதையும் கொடுக்கவில்லையே! காசு தகப்பனுடையது, சோறு கடையில் கட்டியது. அவனிடமிருந்து ஒரு பென்சில்கூடக் குறையவில்லை. கொடுக்கிறவர்கள் ஒரு சாதி, வரிசையில் நிற்கிறவர்கள் இன்னொரு சாதி என்பதைத்தான் பார்த்துவிட்டுப் போகிறான்.

அதற்கு மேல், திரும்பி வேனில் ஏறும்போது ஒரு வசனம்: "பார்த்தியா, அவங்களுக்கு ஒண்டுமில்ல. உனக்கு எல்லாம் இருக்கு." இல்லத்துப் பிள்ளைகளின் காதில் விழுகிற தூரத்தில்! அடுத்தவனின் இல்லாமையைக் காட்டி வரவைப்பது நன்றியல்ல. 'நல்லவேளை நான் அவனில்லை' என்ற நிம்மதி. நன்றி என்றால், தனக்காக யாரோ மினைக்கெட்டார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். காலையில் பிட்டு அவித்த அம்மம்மாவை விட்டுவிட்டு அதை இல்லத்து முற்றத்தில் தேடுகிறோம். (இன்னொன்று, 'அநாதைப் பிள்ளைகள்' என்று சொல்லாதீர்கள். அங்கே பலருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள்.)

கனடாவில் இரண்டு வயதுகூட ஆகாத குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. ஆய்வாளர் எடுத்துத் தந்த தின்பண்டத்தைப் பொம்மைக்குக் கொடுத்தபோது இருந்ததைவிட, தங்கள் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோதுதான் அவர்கள் முகத்தில் சந்தோஷம் கூட இருந்தது. சொந்தக் கிண்ணம், கவனியுங்கள்.

சரி, இல்லத்துக்கு உதவ வேண்டுமா? தாராளமாக உதவுங்கள். பொறுப்பாளரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். சோறு ஏற்கெனவே மூன்று வேன் வந்திருக்கும், சப்பாத்து இருக்காது. கேக்கை வீட்டில் வெட்டுங்கள். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பேஸ்புக்கில் போடவே போடாதீர்கள்.

உங்கள் பிள்ளைக்கு வேலை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வயல் வட்டையிலிருந்து புது அரிசி வந்தால் அயல்வீட்டுப் பங்கை அவனே கொண்டுபோகட்டும். பொங்கல் கொண்டுபோன கிண்ணம் நோன்புக் கஞ்சியோடு திரும்பி வருகிற ஊர் இது, அதை அவன் தூக்கி நடக்கட்டும். உடைந்த காரை அல்ல, விருப்பமான காரை ஒரு நாள் விளையாடக் கொடுக்கட்டும். மனமில்லையா, விடுங்கள். பறித்துக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் உடனே ரொபி நீட்டவும் வேண்டாம், அடுத்தமுறை ரொபிக்காகத்தான் கொடுப்பான். வெளிநாட்டிலிருந்து போன் எடுக்கும் தாய்மாரிடம் ஒரு கெஞ்சல்: "உனக்காகத்தான் இஞ்ச கஷ்டப்படுறன்" என்பதைக் கொஞ்சம் குறையுங்கள் அம்மா. அது பிள்ளையைக் கடன்பட்டவனாக்கும்; கடன்பட்டவனுக்குப் போன் மணி கேட்டாலே பயம். "இண்டைக்கு அம்மம்மா என்ன சமைச்சவ?" என்று கேளுங்கள்.

அந்தப் பிள்ளை பாட்டு முடிந்து திரும்பி வந்தாள். கையில் டிசுவில் சுற்றிய கேக் துண்டு. இரண்டாகப் பிய்த்து, ஐசிங் இருந்த பாதியை என் பக்கம் தள்ளினாள்.