‘அதுதான் சி.வி.யில் இருக்கிறதே!’

மறுபடியும் அதே புகார். “எட்டு வருஷ அனுபவம் இருக்கிறது, இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிடவில்லை. ஆள் பிடிக்காமல் இங்கே ஒன்றும் நடக்காது.” அனுப்பிய விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் பார்த்தால், அரசு வேலைக்கான இசட்-83 விண்ணப்பப் படிவத்தின் கடைசியில் கையெழுத்துக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. கையெழுத்தே போடாதவர் யாரைப் பிடித்து என்ன ஆகப்போகிறது?

சிபாரிசு, ஊழல் எல்லாம் தென்னாப்பிரிக்காவில் இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: பெரும்பாலானவர்களை யாரும் தள்ளிவிடுவதில்லை, அவர்களே கழன்றுகொள்கிறார்கள். டர்பன் வட்டாரத்துச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், வெருலம் வீடுகளில் அரசு வேலைக்குத் தயாராகும் பிள்ளைகளும், அவர்களுக்காகப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் அம்மாக்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், எந்த அரசு? ஆர்.கே. கான் மருத்துவமனை குவாசூலு-நட்டால் மாகாணச் சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. அங்கே கிளார்க் வேலைக்கு இசட்-83 வேண்டும். அதே சாட்ஸ்வொர்த்தில் நகராட்சி நடத்தும் கிளினிக்கில் வேலை என்றால் அது எதெக்வினி (டர்பன்) நகராட்சியின் வேலை. நகராட்சிகளுக்கு விண்ணப்பப் படிவமும் வேறு, வழியும் வேறு. எஸ்கொம், டிரான்ஸ்நெட் போன்ற அரசு நிறுவனங்கள் தனிக்கணக்கு. காவல்துறைக்கும் ராணுவத்துக்கும் ஆள் சேர்க்கும்போது அவர்கள் தரும் படிவம்தான். தேசிய, மாகாணத் துறைகளின் காலியிடங்கள் அரசுப் பணி, நிர்வாகத் துறையான டி.பி.எஸ்.ஏ. வாரந்தோறும் வெளியிடும் சுற்றறிக்கையில் வரும். இலவசம். வாட்ஸ்அப்பில் யாரோ வெட்டி ஒட்டி அனுப்பும் படத்தை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். அதில் கடைசித் தேதி ஒருவேளை சரியாக இருக்கும். குறிப்பெண் பாதி வெட்டுப்பட்டிருக்கும்.

அந்தக் குறிப்பெண்தான் உங்கள் விண்ணப்பத்தின் முகவரி. ஒரே பதவி நான்கு ஊர்களில் காலியாக இருந்தால் நான்கு குறிப்பெண்கள் இருக்கலாம், அனுப்ப வேண்டிய மின்னஞ்சலும் நான்காக இருக்கலாம். நான்கையும் ஒரே படிவத்தில் காற்புள்ளி போட்டு எழுதினால் நான்கு இடத்திலும் தேறாது. ஒரு பதவிக்கு ஒரு படிவம், ஒரு மின்னஞ்சல், பொருள் வரியில் குறிப்பெண். போனில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் பதினொரு இணைப்பாக அனுப்பாதீர்கள். படிவமும் சி.வி.யும் ஒரே பி.டி.எஃப். ஆகப் போகட்டும். மாலை 4 மணிக்கு முடிகிறது என்றால் 4 மணிதான், 4.05க்குக் கருணை கிடையாது. 3.50க்கு அனுப்பி, கோப்பு பெரிது என்று திரும்பி வந்துவிட்டால் அதுவும் உங்கள் கணக்கில்தான்.

இனி இசட்-83. இப்போது செல்லுபடியாகும் படிவம் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பது. பழைய படிவம் இன்னும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது, நகல் கடைகளில் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறார்கள். பழையதில் எழுதினால், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் வெளியேதான். ஏ, பி, சி, டி பகுதிகளை முழுவதும் நிரப்ப வேண்டும். கல்வி, அனுபவம், பரிந்துரையாளர் பற்றிய இ, எஃப், ஜி பகுதிகளில் இடம் போதாததால், சி.வி. இணைத்திருந்தால் ‘சி.வி.யைப் பார்க்கவும்’ என்று எழுத அனுமதி உண்டு. இருந்தாலும் முக்கியமானதைச் சுருக்கமாக அங்கேயே எழுதிவிடுவது நல்லது. நூற்றுக்கணக்கில் கட்டு கட்டாகப் பார்க்கும் ஆளுக்குப் பக்கம் புரட்டும் வேலையைக் குறைத்தால் பாதிப்பு யாருக்கும் இல்லை. பக்கத்தில் இனிஷியல், முடிவில் கையெழுத்து, தேதி. இதை எத்தனை முறை சொல்வது!

பி பகுதியில் கேட்கும் ‘ஆம், இல்லை’ கேள்விகளை யாரும் படிப்பதே இல்லை. வரிசையாக ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று கோடு இழுத்துவிடுகிறார்கள். குற்றத் தீர்ப்பு பற்றிய கேள்வியில், குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியதும் அடங்கும். காவல் நிலையத்தில் “இதைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போ” என்றார்களே, அதேதான். அது குற்றப் பதிவாக நிற்கலாம். சந்தேகம் இருந்தால் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பழைய பதிவு ஒன்று இருப்பதால் மட்டும் வேலை போய்விடாது, என்ன குற்றம், எந்தப் பதவி என்பதைப் பொறுத்தது. ‘இல்லை’ என்று எழுதிவிட்டு விரல்ரேகைச் சோதனையில் ‘ஆம்’ என்று வந்தால் வேலை போவது நிச்சயம். உங்கள் பெயரில் கம்பெனி இருந்து, அது அரசுடன் வியாபாரம் செய்கிறதா என்றும் கேட்பார்கள். மாமா தன் பெயருக்குப் பதிலாக உங்களை டைரக்டராகப் போட்டிருக்கிறாரா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

டி பகுதி மொழித்திறன். தமிழைப் பெருமையாக எழுதுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் இசிசூலு (சூலு மொழி) என்பதற்கு நேரே ‘நன்று’ என்று போட்டுவிட்டு, இன்டர்வியூ பேனலில் ஒருவர் இசிசூலுவில் கேள்வி கேட்டதும் சிரித்து மழுப்புவது பரிதாபம். கடையில் பேரம் பேசுகிற அளவுக்குத் தெரிந்தால் ‘ஓரளவு’ என்று எழுதுங்கள்.

இனத்துக்கான கட்டத்தை வெறுமையாக விடுகிறவர்களும் உண்டு, “இந்தியர் என்று போட்டால் கிடைக்காது” என்று. 1998-இன் 55-ஆம் எண் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், கறுப்பர் என்ற சொல்லுக்குள் ஆப்பிரிக்கர், கலர்ட் (கலப்பினத்தவர்), இந்தியர் மூவரையும் வைத்தே வரையறுக்கிறது. எந்தத் துறையில், எந்த மட்டத்தில் யார் குறைவு என்பது இடத்துக்கு இடம் மாறும். கட்டத்தை வெறுமையாக விட்டால் அந்தக் கணக்கு மாறாது, உங்கள் படிவம்தான் குறையாகும்.

சி.வி.யில் ஒரே ஒரு விஷயம்: மாதம். ‘2019 – 2021’ என்று எழுதினால் அது 2019 ஜனவரியிலிருந்து 2021 டிசம்பர் வரை 36 மாதமாக இருக்கலாம். 2019 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரி வரை 14 மாதமாகவும் இருக்கலாம். இரண்டு வருட அனுபவம் கேட்ட பதவிக்கு, விண்ணப்பங்களைச் சலித்தெடுப்பவர் மாதங்களை உங்களுக்குச் சாதகமாக எண்ண மாட்டார், எண்ணவும் கூடாது. மற்ற விண்ணப்பதாரர்களுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய மாதம், முடிந்த மாதம், செய்த வேலைகள், நடுவில் சும்மா இருந்த மாதங்கள் எல்லாம் எழுதுங்கள். விளம்பரத்தில் டிப்ளமா கேட்டிருந்தால் தொழிற்கல்லூரியின் என்6 சான்றிதழ் மட்டும் போதாது. வணிகப் பாடங்களில் என்6க்குப் பிறகு 18 மாதப் பணிப்பயிற்சி முடித்து என்-டிப்ளமா வாங்கியிருக்க வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ பட்டம் வாங்கியவர்கள் வெளிநாட்டுத் தகுதிகளை மதிப்பிடும் ‘சாக்வா’ அமைப்பின் மதிப்பீட்டுக்கு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். விளம்பரம் வந்தபின் ஓடினால் நேரம் இருக்காது.

சான்றளித்த நகல்களைப் பற்றி இன்னொரு வீண் அலைச்சல். விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டியதில்லை. இந்த விதி மாறிச் சில வருடமாகிறது. படிவமும் சி.வி.யும் போதும், தேர்வுப்பட்டியலில் வந்தவர்கள்தான் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே முத்திரை குத்தி அடுக்கி வைத்தால், தேவைப்படும் நாளில் ஆறு மாதம் தாண்டிவிட்டது என்று திருப்பிக் கொடுப்பார்கள். அழைப்பு வந்ததும் அசலையும் நகலையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள், காசு வாங்க மாட்டார்கள். நகலின் நகலுக்குச் சான்று கிடையாது. ஓட்டுநர் உரிமம் கேட்ட பதவி என்றால் அட்டையின் காலாவதித் தேதியைப் பாருங்கள், ஐந்து வருடம் என்பது நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறது. பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்குத் தனிச் சிக்கல். படையாச்சி என்ற ஒரே பெயரை ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஓர் எழுத்துக்கூட்டல், தங்கைக்கு வேறோர் எழுத்துக்கூட்டல் என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். கப்பலில் வந்த கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிய குமாஸ்தா ஆரம்பித்த வேலை! அடையாள அட்டையிலும் மெட்ரிக் சான்றிதழிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கல்யாணமான பெண்கள் திருமணச் சான்றிதழையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும்.

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்த விஷயம்.

இன்டர்வியூ என்றால் பெரியவர்கள் நாலு பேர் கூடி, ஆளைப் பார்த்து, குணத்தை எடைபோடும் இடம் என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் வேரூன்றிக் கிடக்கிறது. பெண் பார்க்க வருவதைப் போல. அதனால் நல்ல சட்டை, பணிவு, குறைந்த பேச்சு. கேள்வி கேட்டால், “நான் அந்த வேலை எட்டு வருஷம் செய்திருக்கிறேன், அதுதான் சி.வி.யில் இருக்கிறதே!” என்று ஒரு வரி. பேனலுக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை.

தெரியும். ஆனால் தெரிந்து பயனில்லை. சி.வி.யின் வேலை உங்களைக் கதவு வரை கொண்டுவந்து விடுவது, அத்தோடு அதன் கடமை தீர்ந்தது. உள்ளே இருப்பது குறைந்தது மூன்று பேர் கொண்ட தேர்வுக்குழு. தலைவர் அந்தப் பதவியைவிட உயர்ந்த மட்டத்தில் இருப்பவர். தொழிற்சங்கத்தின் பார்வையாளரும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கலாம். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் பதிலின் குறிப்பு, மதிப்பெண். நீங்கள் வாயால் சொன்னதற்கு மட்டும்தான் அவர்கள் எண் போட முடியும். பக்கத்து அறையில் அதே வேலையை உங்களோடு பார்த்த மேலதிகாரியே பேனலில் இருந்தாலும், “இவருக்கு இது தெரியும், எனக்குத் தெரியும்” என்று மதிப்பெண் போட்டால் நாளை தோற்றவர் ஒருவர் புகார் கொடுக்கும்போது அவர் மாட்டிக்கொள்வார். அவர் உங்கள் முகத்தைப் பார்த்து ‘சொல்லித் தொலையேன்’ என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டுதான் இருப்பார். எடுத்துக்கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. மருத்துவமனைப் பதிவுப் பிரிவில் கிளார்க் வேலை. கேள்வி: “நோயாளியின் கோப்பைக் காணோம். அவர் கவுன்டரில் கோபமாக நிற்கிறார். என்ன செய்வீர்கள்?” அனுபவசாலியின் பதில்: “அமைதியாகப் பேசி, தேடிக் கொடுப்பேன்.” உண்மைதான், தினமும் அதைத்தான் செய்கிறார். ஆனால் குறிப்பில் ஏழெட்டு அம்சம் இருக்கலாம்: பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்பது, அடையாள எண்ணால் சரிபார்ப்பது, கோப்பு கடைசியாக எந்தப் பிரிவுக்குப் போனது என்று பதிவேட்டில் பார்ப்பது, அந்தப் பிரிவுக்கு போன் செய்வது, எவ்வளவு நேரமாகும் என்று நோயாளியிடம் சொல்வது, கிடைக்காவிட்டால் தற்காலிகக் கோப்பு திறப்பது, மேற்பார்வையாளருக்கு எழுத்தில் தெரிவிப்பது, அவர் நோயைப் பற்றி வரிசையின் முன்னால் சத்தமாகப் பேசாமல் இருப்பது. இரண்டுக்கு மட்டும் மதிப்பெண் வாங்கி எட்டு வருட அனுபவசாலி வெளியே வருகிறார். ஆறு மாதம் பயிற்சியாளராக இருந்த பெண் ஆறு அம்சத்தை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். பிறகு “சின்னப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்” என்று பேச்சு.

அடுத்தது ‘நாங்கள்’. தன்னடக்கம் நல்ல பழக்கம்தான், ஆனால் “நாங்கள் செய்தோம், எங்கள் டீம் முடித்தது” என்றால் பேனல் யாருக்கு மதிப்பெண் போடுவது? உங்கள் பங்கை ‘நான்’ என்று சொல்லுங்கள். என்ன நிலைமை, உங்கள் பொறுப்பு எது, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன, இந்த வரிசையில். தற்பெருமையாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் அக்காவையோ அண்ணாவையோ எதிரில் உட்காரவைத்து, ஒரு கேள்விக்கு நான்கு நிமிடம் என்று கடிகாரம் வைத்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் எல்லோருக்கும் அருமையாக வரும். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம், அதற்கு மதிப்பெண் குறையாது.

‘மக்களே முதலில்’ என்ற அரசுச் சேவைக் கொள்கையான பாட்டோ பெலே பற்றிய கேள்வி அடிக்கடி வருவது. 1997 வெள்ளை அறிக்கையின் எட்டுக் கோட்பாடுகளையும் வாய்ப்பாடு போல ஒப்பிப்பவர்கள் ஏராளம். மூச்சுவிடாமல் எட்டு சொல்வதோடு நிறுத்தாமல், இரண்டை எடுத்து நீங்கள் கேட்கும் பதவியின் மேசையில் அது எப்படி நடக்கும் என்று சொல்லுங்கள். நிதி சார்ந்த வேலையென்றால் 1999-இன் பொது நிதி மேலாண்மைச் சட்டம், கோப்புகள் என்றால் தகவல் அணுகல் சட்டமும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமும். விளம்பரத்தில் ‘அறிவு’ என்ற தலைப்பின் கீழ் எந்தச் சட்டம் இருக்கிறதோ அதிலிருந்துதான் கேட்பார்கள். அதைக்கூடப் படிக்காமல் வருகிறவர்களை என்ன சொல்வது.

பேனலோடு முடிவதில்லை. குற்றப் பதிவு, குடியுரிமை, கல்வி, முந்தைய வேலை, கடன் வரலாறு எல்லாம் சரிபார்ப்பார்கள். கடன் நிறுவனங்களிடமிருந்து வருடத்துக்கு ஒருமுறை உங்கள் கடன் அறிக்கையை இலவசமாக வாங்கலாம். பணம் கையாளும் பதவி என்றால் முன்பே வாங்கிப் பார்த்து, தவறாகப் பதிந்திருந்தால் திருத்தக் கேளுங்கள். முடிக்காத பட்டத்தை முடித்ததாக எழுதுவது இப்போது வெறும் பொய் மட்டுமில்லை. 2019-இல் திருத்திய தகுதிச் சட்டம் அதற்கு ஐந்து வருடம் வரை சிறை என்கிறது.

வேலைக்குப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் திருடர்தான். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், ‘உள்ளே இருக்கும் அங்கிளுக்கு’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. ஊழல் தடுப்புக்கான தேசிய இலவச எண் 0800 701 701. கூப்பிடுங்கள்.

இன்னொன்று. தேர்வுப்பட்டியலில் வந்தவர்களை அழைக்கும் போன் பெரும்பாலும் தெரியாத எண்ணிலிருந்துதான் வரும், இரண்டு முறை அடித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள். கடைசித் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அழைப்பு வராவிட்டால் கிடைக்கவில்லை என்று பொருள், பெரும்பாலான விளம்பரங்களில் அப்படித்தான் போட்டிருக்கும். அந்த மூன்று மாதத்துக்காவது, தயவுசெய்து, படிவத்தில் எழுதிய சிம் கார்டை மாற்றாதீர்கள்.