ஏற்றத்தை நிறுக்கும் தராசு

சித்தி மகன் ஒருவன் இருக்கிறான், 19 வயது. இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தோட்டம். பழைய மவுண்டன் சைக்கிள் ஒன்றில் விடியற்காலையில் பயிற்சி ஓடுகிறான். ஒரு நாள் போட்டியில் நிற்க வேண்டும் என்ற ஆசை. போன மாதம் முகம் வாடி வந்து நின்றான்.

"அண்ணே, நேத்து 40 கிலோமீற்றர் ஓடினேன். இன்னைக்கு 22தான் முடிஞ்சுது. பின்னுக்குப் போறேன் போல."

நேற்று அவன் ஓடியது ஓயா என்கிற சிற்றாற்றின் கரையோரம் போகும் ரோடு. இன்று ஓடியது தேயிலை மலைக்கு மேலே ஏறும் ரோடு. இரண்டில் எதற்கு உடம்பு அதிகம் செலவானது என்று கிலோமீற்றர் கட்டை சொல்லாது. வேகமும் சொல்லாது. மலையகத்தில் சைக்கிள் ஓடுகிற யாரும் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கணக்காகப் பார்ப்போம். அவனும் சைக்கிளும் சேர்ந்து 74 கிலோ. 100 மீற்றர் போனால் 6 மீற்றர் உயர்கிற ஒரு ஏற்றத்தில் அவன் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் போக ஏறக்குறைய 140 வாட் வேண்டும். அதே 140 வாட்டை சமதரையில் மிதித்தால், காற்று இல்லாத நாளில், 27 கிலோமீற்றர் வேகம் கிடைக்கும். கால்கள் செய்த வேலை ஒன்றுதான். ஏற்றத்தில் வேலையின் பெரும்பகுதி எடையை மேலே தூக்குவதற்குப் போகிறது, சமதரையில் காற்றைக் கிழிப்பதற்குப் போகிறது. முகில் இறங்கி எதிர்காற்றும் அடித்தால் சமதரை வேகம் இன்னும் விழும். இத்தனைக்கும் நடுவே மாறாமல் நிற்கிற ஒரே எண் வாட்.

வாட் என்பது ஒரு நொடியில் செய்த வேலை. மலையகத்துக்கு இது புதிய சொல் அல்ல. தலவாக்கலை அணையில் தேங்கும் தண்ணீர் சுரங்க வழியே கீழே விழுந்து, மேல் கொத்மலை மின்நிலையத்தில் 150 மெகாவாட் வரை தருகிறது. எவ்வளவு எடை, எவ்வளவு உயரம், எவ்வளவு நேரத்தில் என்ற மூன்றும்தான் அங்கே கணக்கு. சைக்கிளில் ஏறுகிறவன் அதே கணக்கைத் தலைகீழாகச் செய்கிறான். தண்ணீர் இறங்கிக் கொடுக்கும் வாட்டை, அவன் ஏறிச் செலவழிக்கிறான்.

இதை அளக்கிற கருவிதான் பவர் மீட்டர். கொழுந்து நிறுக்கிற தராசு மாதிரி என்று தம்பிக்குச் சொன்னேன். யார் எந்த மலையில் நின்றார்கள், வெயிலா மழையா என்று தராசு கேட்பதில்லை, கூடையில் வந்ததை மட்டும் காட்டுகிறது.

அது வேலை செய்யும் விதம் அழகானது. பெடலை மிதிக்கும்போது கிராங் என்கிற அந்த உலோகக் கை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் நெளிநெளியாக மடித்த மெல்லிய உலோகப் படலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். உலோகம் இழுபட்டால் அந்தப் படலம் நீண்டு மெலிகிறது, மின்தடை கொஞ்சம் கூடுகிறது. அமுங்கினால் குறைகிறது. இந்தத் திரிபுமானியை 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ரூஜ் அப்போது நிலநடுக்கத்தில் உயரமான தண்ணீர்த் தாங்கிகள் எப்படி நெளியும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். சைக்கிள் அவர் நினைப்பிலேயே இருந்திருக்காது.

மின்தடை மாறுவது மிகச் சிறிய அளவில். அதனால் நான்கு தடைகளைச் சதுரமாகக் கோத்த வீட்ஸ்டன் பாலம் என்ற சுற்றில் வைத்து, இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பெருக்கிப் பார்க்கிறார்கள். அதிலிருந்து முறுக்கு விசை தெரியும். கிராங் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை இன்னொரு உணரி சொல்லும். முறுக்கு விசையைச் சுழல் வேகத்தால் பெருக்கினால் வாட். ஜெர்மானியப் பொறியியலாளர் உல்ரிக் ஷோபரர் 1986இல் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனம்தான் இதை ரோட்டில் ஓடும் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அதுவரை ஆய்வுகூடத்தில் நிறுத்தி வைத்த சைக்கிளில்தான் வாட் பார்க்க முடியும்.

எண்ணில் பார்த்தால் இன்னும் விளங்கும். 170 மில்லிமீற்றர் கிராங்கில், நிமிடத்துக்கு 90 சுற்றில் 200 வாட் மிதிக்கிறீர்கள். சுற்று முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் பெடலில் 13 கிலோ எடை வைத்த அளவு அழுத்தம். அதே 200 வாட்டை செங்குத்தான வளைவில், இலேசான கியர் இல்லாமல், 50 சுற்றில் மிதித்தால் அழுத்தம் 23 கிலோவுக்குப் போய்விடுகிறது. மீட்டரில் ஒரே எண்தான் தெரியும், ஆனால் முழங்கால் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாது. நம் பக்கத்தில் முழங்கால் வலியோடு சைக்கிளை மூலையில் சாத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். மிதி இலேசாக, பின் பல்சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது அதனால்தான்.

தராசில் சாக்கு எடையைச் சரியாகக் கழிக்காவிட்டால் ஒவ்வொரு நிறுவையும் பிழைக்கும். பவர் மீட்டரிலும் அப்படித்தான். யாரும் மிதிக்காதபோது அது பூச்சியம் காட்ட வேண்டும். உலோகம் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்குவதால் இந்தப் பூச்சியம் நகரும். ஜனவரி மாத விடியலில் நுவரெலியாவில் கைவிரல் விறைக்கும் குளிர். அங்கிருந்து புறப்பட்டு இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் வேர்த்துக் கொட்டும். பல மீட்டர்கள் வெப்பநிலை மாற்றத்தைத் தாங்களே திருத்திக்கொள்கின்றன. இருந்தாலும் வீட்டுக்குள்ளிருந்து சைக்கிளை வெளியே எடுத்து, பத்து நிமிடம் குளிரில் நிறுத்தி, அப்புறம் பூச்சியம் வைப்பது நல்லது.

சரி, எண் கிடைத்தாயிற்று. அதை வைத்து என்ன செய்வது?

முதலில் உங்கள் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட்டை எஃப்.டி.பி. என்கிறார்கள். ஆண்ட்ரூ கோகன் என்ற அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் பரவச் செய்த அளவு இது. ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதிப்பது கொடுமை என்பதால், 20 நிமிடம் முழு மூச்சாக ஓடி அந்தச் சராசரியில் 95 சதவீதத்தை எடுப்பது வழக்கம். சோதனையை நீங்கள் ஓடுகிற உயரத்திலேயே செய்யுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் மேலே. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் குறைவு, அதனால் எல்லை வாட்டும் இறங்கும். கொழும்பிலிருந்து வருகிறவர் கொழும்பில் பார்த்த எண்ணை நம்பி இங்கே ஏற்றத்தைத் தொடங்கினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார்.

எல்லை தெரிந்ததும் மற்றதெல்லாம் அதன் சதவீதம். 56 முதல் 75 வரை நீண்ட நேர ஓட்டம், 91 முதல் 105 வரை எல்லையை ஒட்டிய கடும் ஓட்டம், அதற்கு மேல் சில நிமிடங்களே தாங்கும். இதில் மலையகத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, சமவெளிக்காரர்கள் எழுதும் பயிற்சித் திட்டங்களில் அது வராது. தம்பியின் எல்லை 140 வாட் என்று வையுங்கள். இலேசான ஓட்டத்தை அவன் 105 வாட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். ஆனால் தோட்டத்து ரோட்டில் 10 சதவீத ஏற்றம், அதாவது 100 மீற்றருக்கு 10 மீற்றர் உயர்கிற ஏற்றம், வந்தால், சைக்கிள் தள்ளாடாமல் மணிக்கு 7 கிலோமீற்றரில் போகவே 150 வாட்டுக்கு மேல் வேண்டும். அவனுக்கு அந்த ரோட்டில் மெதுவாக ஓடுவது என்று ஒன்றே கிடையாது. தினமும் அதில் ஓடினால் தினமும் கடும் பயிற்சிதான், உடம்பு தேறவே நேரம் இருக்காது. மலைப் பிள்ளைகள் பலர் நன்றாக ஏறுவார்கள், ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் முன்னேறாமல் நின்றுவிடுவார்கள். காரணம் பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம். இலேசான நாளுக்கு இலேசான ரோட்டைத் தேடிப் போக வேண்டும், அதற்காகக் கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை.

இதயத் துடிப்பைப் பார்த்து ஓடினால் போதாதா என்று கேட்பார்கள். துடிப்பு உடம்பின் பதில், வாட் நீங்கள் கொடுத்த வேலை. ஏற்றத்தில் வேகமெடுத்த பிறகு துடிப்பு மேலே வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் கால் எரிந்துவிடும். வெயிலும் தூக்கமில்லாத இரவும் குடித்த தேத்தண்ணியும்கூட அதை ஏற்றும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரி. போன மாதம் 120 வாட்டில் 160 துடித்த நெஞ்சு, இந்த மாதம் அதே வாட்டில் 150 துடித்தால் பயிற்சி உடம்பில் இறங்கியிருக்கிறது.

மலை ஓட்டத்தின் சராசரி வாட்டை மட்டும் நம்பக் கூடாது. 20 நிமிடம் 200 வாட்டில் ஏறுகிறீர்கள், 10 நிமிடம் மிதிக்காமல் இறங்குகிறீர்கள். சராசரி 133 வாட். கால்களைக் கேட்டால் இது பொய் என்று சொல்லும். கடும் வேலையின் களைப்பு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, அதைவிட வேகமாகக் கூடுகிறது. அதனால் கோகன் ஒரு வழி செய்தார். வாட்டை 30 நொடிச் சராசரிகளாக எடுத்து, ஒவ்வொன்றையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, அவற்றின் சராசரியைக் கண்டு, நான்காம் மூலம் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் அதே ஓட்டம் ஏறக்குறைய 181 வாட் ஆகிறது. சமமாக மிதித்திருந்தால் இதே களைப்பைத் தந்திருக்கும் வாட் என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

இதிலிருந்து ஒரு நாளின் சுமையைக் கணக்கிடலாம். எல்லை 220 வாட் உள்ளவர் மேலே சொன்னதை மூன்று முறை, ஒன்றரை மணி நேரம் செய்கிறார். 181ஐ 220ஆல் வகுத்தால் 0.82. அதன் வர்க்கத்தை மணித்தியாலத்தால் பெருக்கி, 100ஆல் பெருக்கினால் 101 புள்ளி. எல்லை வாட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் 100 என்பதுதான் இதன் அளவுகோல்.

ஒவ்வொரு நாளின் புள்ளியையும் கொப்பியில் எழுதி வந்தால் திட்டம் போட வழி பிறக்கும். கடந்த 42 நாள் சராசரி நீங்கள் சேர்த்த வலு, கடந்த 7 நாள் சராசரி இப்போது சுமக்கும் களைப்பு. பயிற்சி வலுவையும் களைப்பையும் ஒன்றாகவே தருகிறது, களைப்பு சீக்கிரம் வடியும், வலு மெதுவாகக் கரையும் என்று 1970களில் எரிக் பனிஸ்டர் என்ற உடலியங்கியல் ஆய்வாளர் முன்வைத்த கணித மாதிரியின் எளிய வடிவம் இது. போட்டிக்கு முந்தைய ஒன்று இரண்டு வாரம் ஓட்டத்தைக் குறைப்பதன் அர்த்தமும் இதுவே. ஆனால் கொப்பிக்குக் காய்ச்சல் தெரியாது, வீட்டுக் கவலை தெரியாது. காலையில் எழும்போது கால் கனத்தால் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு ஓய்வெடுக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கும் வாட் உதவும். உணவுச் சக்தியில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்கு வரும், மிச்சம் சூடாகப் போகிறது. அதனால் ஒரு கிலோஜூல் மிதித்தால் ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவு என்று வைத்துக்கொள்ளலாம். 140 வாட்டில் ஒரு மணி நேரம் என்றால் 500 கிலோகலோரி. வெறும் வயிற்றில் வெறும் தேத்தண்ணியோடு இரண்டு மணி நேரம் ஏற்றத்தில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. இரண்டு ரொட்டியைக் கட்டிக்கொண்டு போங்கள்.

தம்பியிடம் பவர் மீட்டர் கிடையாது. அதன் விலைக்கு அவன் சைக்கிளைப் போல சில சைக்கிள் வாங்கலாம். ஆனால் மலையிலேயே ஒரு தராசு இருக்கிறது. ஏற்றம் செங்குத்தாக இருந்தால் வாட்டின் பெரும்பகுதி எடையைத் தூக்கவே போவதால், உயரமும் நேரமும் தெரிந்தால் வாட்டைக் கணக்கிட்டுவிடலாம். 6 சதவீதத்துக்குக் குறையாத, இடையில் இறக்கமில்லாத, காற்றுப் படாத ஒரு ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைச் சமவுயரக் கோட்டு வரைபடத்தில் பாருங்கள். நிலவளவைத் திணைக்கள வரைபடம் போதும். மலைநாட்டு ரயில் நிலையங்களில் பெயர்ப்பலகையிலேயே உயரம் எழுதியிருக்கும். மொத்த எடையை 9.81ஆலும் உயரத்தாலும் பெருக்கி, நொடிகளால் வகுத்தால் தூக்கிய வாட். டயர் உருள்வதற்கும் காற்றுக்கும் செயின் உராய்வுக்கும் இன்னும் 15 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். துல்லியமாக இராது, ஆனால் அதே ரோட்டில் அதே ஆள் அதே சைக்கிளில் ஒப்பிடப் போதும்.

நாங்கள் 300 மீற்றர் உயரும் 5 கிலோமீற்றர் ஏற்றம் ஒன்றைப் பிடித்தோம். முதல் நாள் தம்பி அடிவாரத்திலிருந்தே எழுந்து நின்று மிதித்தான். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வாய் உலர்ந்து நின்றுவிட்டான். மேலே வர 32 நிமிடம், சுமார் 130 வாட். அடுத்த முறை முதல் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டே போகும் அளவுக்கு அடக்கி ஓடச் சொன்னேன். செங்குத்தான வளைவில் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் தாண்டியதும் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். நான்காம் அடுக்குக் கணக்கு இங்கேயும்தான் வேலை செய்கிறது.

மூன்று வாரம் கழித்து 29 நிமிடத்தில் வந்தான். கொப்பியை மடியில் வைத்து, 74ஐ 9.81ஆல் பெருக்கி, 300ஆல் பெருக்கி, 1740ஆல் வகுத்து, 15 சதவீதம் கூட்டினான். 144 வந்தது. நம்பாமல் இன்னொரு தரம் போட்டுப் பார்த்தான்.

"14 வாட் கூடியிருக்கு அண்ணே. ஆனா இன்னைக்கு மொத்தமே 12 கிலோமீற்றர்தான்" என்றான். கிலோமீற்றருக்கு என்று கொப்பியில் போட்டிருந்த கட்டத்தை அன்றைக்கு அவன் நிரப்பவில்லை.