மூச்சைப் பிடித்து வேலை வாங்கும் செடி

உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கடுகளவு கட்டிகள், இது நோயா, மருந்தடிக்க வேண்டுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மருந்தைக் கையில் எடுக்குமுன் ஒரு கட்டியை நகத்தால் நெருடிப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்து, லேசாக உருட்டியதும் உதிர்ந்துவிட்டால் அது வேர்முடிச்சு. செடிக்கு நல்ல காலம். அப்படியின்றி வேரே வீங்கிக் கோணலாகி, கட்டியைப் பிய்த்தால் வேரும் சேர்ந்து அறுந்தால் அது நூற்புழுவின் வேலை. அதற்குத்தான் கவலைப்பட வேண்டும்.

முடிச்சுதான் என்று தெரிந்ததும் ஒன்றை பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்போ ரத்தச் சிவப்போ தெரிந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் முற்றவில்லை, அல்லது உள்ளே குடியிருப்பவை தண்டச்சோறு. பச்சை என்றால் வேலை செய்து ஓய்ந்த முடிச்சு. இந்தச் சிவப்பைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளிப் பாடத்தை முதலில் வேகமாகக் கடந்துவிடுவோம்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. உரத் தொழிற்சாலையில் அந்தப் பிணைப்பை உடைத்து அம்மோனியா ஆக்க 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் 150 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவை. முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் வகை பாக்டீரியா நைட்ரோஜினேஸ் என்ற நொதியை வைத்துக்கொண்டு, மண்ணின் சாதாரண வெப்பத்திலேயே இதைச் செய்கிறது. முடிச்சுக்குள் நடப்பது இதுதான் என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ரீகல் 1886-இல் அறிவித்தார். 1888-இல் நெதர்லாந்து விஞ்ஞானி பெய்ஜரிங்க் அந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். செடி உணவு தருகிறது, பாக்டீரியா தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தருகிறது, இருவருக்கும் லாபம் என்று பாடப்புத்தகம் முடித்துக்கொள்ளும். யார் யாரை எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்ற பேச்சே அதில் வராது.

தழைச்சத்துக்குத் தவிக்கும் வேர், ஃபிளேவனாய்டுகள் என்ற வேதிப்பொருள்களை மண்ணில் கசியவிடுகிறது. அதை உணரும் பாக்டீரியா பதிலுக்கு 'நாட் காரணி' என்ற மூலக்கூறை வெளியிடுகிறது. மிக மிகச் சொற்ப அளவே போதும். வேர்த்தூவி கொக்கிபோல் சுருண்டு, ஒன்றிரண்டு பாக்டீரியாக்களை மடக்கிக்கொள்ளும். அங்கிருந்து உள்நோக்கி ஒரு மெல்லிய குழாய் வளர, அதன் வழியே அவை பெருகியபடி உள்ளே போகின்றன. நிலக்கடலை வேறு மாதிரி: பக்கவேர் முளைக்கும் இடத்து வெடிப்பு வழியாகவே உள்ளே விடுகிறது. ஒரு முடிச்சில் இருப்பவை பெரும்பாலும் ஒரே பாக்டீரியாவின் வாரிசுகள் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

சிக்கல் இனிமேல்தான். நைட்ரோஜினேஸுக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது. பட்டால் நொதி ஒரேயடியாகக் கெட்டுப்போகும். ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க, உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏடிபி 16 செலவாகிறது. அவ்வளவு ஆற்றலைத் திரட்ட பாக்டீரியா மூச்சுவிட்டே ஆக வேண்டும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் நொதி சாகும், இல்லாவிட்டால் பாக்டீரியா சாகும்.

செடி இதைச் சமாளிக்கும் விதம் அபாரமானது. முடிச்சின் வெளிப்புறத்தில் நெருக்கமான செல்களால் ஓர் அரண் எழுப்பி, ஆக்சிஜன் நுழையும் வேகத்தைக் குறைக்கிறது. செல்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் காற்று நிற்பதா நீர் நிற்பதா என்பதைப் பொறுத்து வரத்து கூடும், குறையும். குழாயின் திருகைத் திறந்து மூடுவதுபோல. உள்ளே வரும் ஆக்சிஜனை லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் அப்படியே பற்றிக்கொள்கிறது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரன் இது. இரும்பு கொண்ட அதே ஹீம், அதே சிவப்பு. 1939-இல் ஜப்பானிய விஞ்ஞானி குபோ இதை அடையாளம் கண்டார். தனித்துத் திரியும் ஆக்சிஜன் முடிச்சின் உள்ளே சாதாரண நீரில் கரைந்திருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் லெக்ஹீமோகுளோபினின் கையில் ஏராளமாக இருக்கிறது. அந்தப் புரதம் பாக்டீரியா இருக்குமிடம் வரை ஆக்சிஜனைக் கடத்தி, சிறுகச் சிறுக விடுகிறது. பாக்டீரியாவும் இந்த அற்ப அளவிலேயே மூச்சுவிடுவதற்கென்று தனி நொதி ஒன்றை வைத்திருக்கிறது. நொதியும் பிழைத்தது, மூச்சும் ஓடுகிறது.

லெக்ஹீமோகுளோபின் இல்லாவிட்டால்? லோட்டஸ் ஜப்பானிகஸ் என்ற பயறுக் குடும்பச் செடியில் அந்த மரபணுக்களை அடக்கிப் பார்த்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். முடிச்சுகள் உருவாகின, பாக்டீரியாவும் உள்ளே இருந்தது. ஆனால் தனி ஆக்சிஜன் அளவு எகிறி, நைட்ரோஜினேஸ் வேலை நின்றுபோனது. நைட்ரேட் உரம் கொடுத்ததும் அதே செடிகள் நன்றாக வளர்ந்தன.

இனி ஏமாற்றுக்காரர்கள் விஷயம். 16 ஏடிபி செலவழித்து அடுத்தவருக்கு அம்மோனியா செய்வதைவிட, செடி தரும் மாலேட் என்ற உணவைத் தின்றுவிட்டுத் தன் குடும்பத்தைப் பெருக்குவது பாக்டீரியாவுக்கு லாபம். அப்படியானால் சோம்பேறிகள்தானே பல்கிப் பெருகியிருக்க வேண்டும்? ஆய்வாளர் டோபி கியர்ஸும் சகாக்களும் 2003-இல் இதைச் சோதித்தார்கள். சோயா வேரின் சில முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் என்ற மந்த வாயுவை நிரப்பினார்கள். ஆக்சிஜன் வழக்கம்போல் 20 சதவீதம். உடைக்க நைட்ரஜன் இல்லாததால், நல்ல பாக்டீரியாவும் வேலை செய்யாததாகவே செடிக்குத் தெரியும். செடி அந்த முடிச்சுகளின் ஆக்சிஜன் வரத்தைக் குறைத்தது. அங்கே பாக்டீரியாவின் பெருக்கம் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. நொதியைக் காப்பாற்றும் அதே திருகுதான் தண்டனைக்கும் பயன்படுகிறது! ஒரு முடிச்சில் ஒரே குடும்பம் இருப்பதால், தண்டனையும் பெரும்பாலும் சரியான ஆள் தலையில் விழும். அவரை, சோயா போன்றவற்றில் முடிச்சு அழுகும்போது பாக்டீரியா மண்ணுக்குத் திரும்பிப் பெருகும். உழைத்ததற்குக் கூலி அதுதான். பட்டாணியும் குதிரைமசாலும் இன்னும் கறார். உள்ளே வந்தவற்றைப் புரதத் துணுக்குகளால் உப்பவைத்து, மீண்டும் பெருக முடியாதபடி செய்துவிடுகின்றன. உள்ளே வந்த குழாயிலேயே தங்கிவிட்ட உறவினர்கள் மட்டுமே வெளியேறும்.

செடிக்கும் இது இலவசமல்ல. ஒரு கிராம் நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 6 கிராம் கார்பன் செலவு. அதனால் முடிச்சுகளின் எண்ணிக்கையைத் தண்டும் இலையும்தான் முடிவு செய்கின்றன. 'போதும்' என்ற உத்தரவு மேலிருந்து வரும். அந்த உத்தரவு கெட்டுப்போன சோயா வகைகளில் வேரெங்கும் முடிச்சு, செடியோ குட்டை. மண்ணில் நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தாலும் செடி முடிச்சு போடாது. பயறுக்கு யூரியாவை அள்ளிப் போட்டுவிட்டு முடிச்சைக் காணோமே என்று தேடிப் பயனில்லை.

முடிச்சு வராததற்கும் வெள்ளையாகவே நிற்பதற்கும் வேறு காரணங்களும் உண்டு. சோயாவின் பாக்டீரியா கொண்டைக்கடலைக்கு உதவாது. பொருந்தாத பாக்டீரியா வகையை விதையோடு கலந்தால் பலனில்லை. கலந்த விதையை வெயிலில் காயவைத்தால் பாக்டீரியா செத்துவிடும், நிழல்தான் சரி. பூஞ்சணக்கொல்லி தடவிய விதையிலும் இதே கதி நேரலாம். கார அமிலநிலை (pH) 5-க்குக் கீழே போன மண்ணில் செடி, பாக்டீரியா இருவருக்குமே கஷ்டம். நைட்ரோஜினேஸின் மையத்தில் உட்கார்ந்திருக்கும் மாலிப்டினம் என்ற உலோகமும் அத்தகைய மண்ணில் சரியாகக் கிடைக்காது. தண்ணீர் தேங்கினால் திருகை முழுக்கத் திறந்தும் ஆக்சிஜன் வராது. சோதிக்கப் பூக்கும் சமயமே நல்லது. பிடுங்காதீர்கள், முடிச்சுகள் மண்ணோடு நின்றுவிடும். சுற்றித் தோண்டி எடுத்து, நீரில் அலசிப் பாருங்கள்.

நெல்லுக்கும் கோதுமைக்கும் முடிச்சு போடக் கற்றுக்கொடுக்கும் ஆராய்ச்சி பல பத்தாண்டுகளாக நடக்கிறது. நடக்கட்டும், அருமையான கேள்வி. ஆனால் விற்பனைக்கு வரும் பொட்டலத்தில் உயிருள்ள ரைசோபியம் எவ்வளவு இருக்கிறது, மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் சோம்பேறி வகைகளோடு அது போட்டியிட்டு ஜெயிக்குமா என்ற சலிப்பூட்டும் வேலைக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அதில் செய்தித்தாளில் படம் வராது; விவசாயிக்குப் பயன் வரும்.

பயறு விதைத்தாலே மண் வளமாகும் என்ற நம்பிக்கையையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். பிடித்த நைட்ரஜனில் பெரும்பகுதி விதைக்குள் போய்விடும். செடியை வேரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோனால் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பம். தழைச்சத்து மண்ணுக்கே வேண்டுமென்றால், காய் முற்றும் வரை காத்திராமல் பூக்கும் பருவத்திலேயே மடக்கி உழ வேண்டும்.