குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் எதையெல்லாம் கேட்கலாம்?

குப்பைக் கிடங்கில் எதைக் கொட்டலாம், கொட்டியதை எப்படி மூட வேண்டும் என்பதற்கெல்லாம் சென்டிமீட்டர் கணக்கில் விதி இருக்கிறது என்பதே நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பலருக்குத் தெரியாது. 2000ஆம் ஆண்டு விதிகளை மாற்றி, 2016 ஏப்ரலில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திடக்கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. நான் இங்கே சொல்கிற அளவுகளெல்லாம் அந்த 2016 விதிகளில் இருந்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, அதனால் மனு எழுதும் முன் அளவுகளைப் புதிய விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில், எல்லாக் குப்பையும் கிடங்குக்குப் போகவே கூடாது. மீன் செதில், மரச்சீனித் தோல், சக்கை மடல் எல்லாம் உரமாக வேண்டும், பாட்டிலும் அட்டையும் பிளாஸ்டிக்கும் மறுசுழற்சிக்கு. எதற்கும் உதவாத, மக்காத, எரியாத மிச்சம்தான் கிடங்குக்கு. வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அப்புறம் பேட்டரி, பழைய மருந்து போன்ற ஆபத்தான குப்பை என மூன்றாகப் பிரிக்க 2016 விதிகள் சொன்னது இதற்காகத்தான், புதிய விதிகளில் அது நான்காகிவிட்டது. மக்குகிற குப்பை கிடங்கில் காற்றில்லாமல் புதைந்து கிடந்தால் மீத்தேன் என்கிற எரியும் வாயு உண்டாகும், தீ பிடித்தால் லேசில் அணையாது. நாகர்கோவில் வலம்புரிவிளை குப்பைக் கிடங்கில் தீப்பிடித்து அந்தப் பகுதி மக்கள் புகையில் திணறியதை நாம் பார்த்திருக்கிறோம்.

நம்ம ஊருக்கு முக்கியமானது மழை விதி. தினமும் கொட்டுகிற குப்பையை இறுக்கி, குறைந்தது 10 செ.மீ. மண்ணோ கட்டட இடிபாடோ போட்டு மூட வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் 40 முதல் 65 செ.மீ. வரை மண் போட்டு, இறுக்கி, தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடுகிற மாதிரி சரிவும் கொடுக்க வேண்டும். மற்ற மாவட்டங்களில் பெரும்பாலும் ஒரு பருவமழைதான் பலமாகப் பெய்யும். இங்கே ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என இரண்டும் வந்து போகிறது, அதனால் மே மாதம் போட்ட மண் கரையாமல் இருக்கிறதா என்று செப்டம்பரில் திரும்பவும் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. மூடாத குப்பையில் இறங்குகிற மழைத்தண்ணீர் கறுப்புச் சாறாகி நிலத்துக்குள் போகும். அதைத் தடுக்கத்தான் புதிய கிடங்குகளுக்கு அடியில் 90 செ.மீ. களிமண்ணும் அதன்மேல் 1.5 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு, ஊறி வருகிற சாற்றைச் சேகரித்துச் சுத்திகரிக்கச் சொல்கிறது விதி. நிலத்தடி நீர்மட்டம் அந்த அடித்தளத்துக்கு 2 மீட்டராவது கீழே இருக்க வேண்டும்.

பக்கத்தில் கிணறு வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கிடங்கு எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பிந்தைய காலம் என மூன்று பருவத்திலும் சோதிக்க வேண்டும், தரம் உறுதியான பிறகுதான் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ பாசனத்துக்கோ எடுக்கலாம். நிறம் மாறவில்லை, வாடை இல்லை என்பதற்காகத் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆகிவிடாது, சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக இடம் பார்க்கிறார்கள் என்றால் ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், குடியிருப்பு, நெடுஞ்சாலை, குடிநீர்க் கிணறு இவற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். எங்கே திரும்பினாலும் குளமும் வீடும் இருக்கிற நம்ம மாவட்டத்தில் அப்படி ஒரு இடம் கிடைப்பதே கஷ்டம். பழைய குப்பை மேடுகளை பயோமைனிங் முறையில் தோண்டிச் சலித்து, மண்ணையும் பிளாஸ்டிக்கையும் பிரித்தெடுத்து நிலத்தை மீட்க முடியுமா என்று உள்ளாட்சி ஆராய வேண்டும், முடியாவிட்டால் முறைப்படி மூட வேண்டும். மூடிய பிறகும் குறைந்தது 15 வருடம் கண்காணிப்பது அவர்கள் பொறுப்பு.

சரி, யாரிடம் கேட்பது? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். "கடைசியாக எந்தத் தேதியில் நீர் சோதித்தீர்கள், முடிவின் நகல் வேண்டும், மழைக்கு முன் எத்தனை செ.மீ. மண் போட்டீர்கள்" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்கும் அசையவில்லை என்றால், இந்தக் கடிதங்களையெல்லாம் சேர்த்து வைத்துச் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற, சென்னையில் இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம்.