காணாமல் போன 40 ஜிபி

லினக்ஸ் சர்வர் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “ரூட் டிஸ்க் (சிஸ்டம் இருக்கும் முதன்மை டிஸ்க்) நிரம்பிவிட்டது என்கிறது, டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை. டியூ கட்டளையால் அடைவு அடைவாகக் (ஃபோல்டர் ஃபோல்டராகக்) கூட்டினால் 40 ஜிபி குறைந்து கணக்கு உதைக்கிறது. மூன்று தடவை ரீபூட் செய்தும் பலனில்லை.”

ரீபூட் எங்கள் துறையின் எலுமிச்சம்பழம். எது நடந்தாலும் முதலில் அதைச் சுற்றிப் போடுவார்கள். ஆனாலும் இங்கே ஒரு நன்மை: அழித்த பிறகும் திறந்தே கிடக்கும் கோப்பு காரணமில்லை என்று தெரிந்துவிட்டது. பேக்கப்புக்குத் தனி டிஸ்க் உண்டா என்று கேட்டேன். உண்டு, /பேக்கப் அடைவில் மவுண்ட் ஆகிறதாம்; அதாவது அந்த டிஸ்கில் உள்ளவை அந்த அடைவுக்குள் தெரியும்படி இணைகிறதாம்.

மவுண்ட் செய்ததும் அந்த அடைவில் முன்பிருந்தவை கண்ணுக்குத் தெரியாது என்று கையேடு போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. எப்படித் தெரியாமல் போகிறது என்பதுதான் அழகு. அதை ஏன் விளக்க மாட்டார்களோ!

ஒரு பாதையைக் கொடுத்தால் லினக்ஸின் மையமான கர்னல் பெயர் பெயராகப் படித்துக்கொண்டு போகும். ‘பேக்கப்’ வந்ததும், இதன் மேல் ஏதாவது மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று நினைவகத்தில் உள்ள மவுண்ட் அட்டவணையில் பார்க்கும். ஆகியிருந்தால் புது டிஸ்கின் உச்சி அடைவுக்கு ஒரே தாவல். அடியில் இருக்கும் பழைய கோப்புகளை யாரும் தொடுவதில்லை. இந்தத் தாவலை நாமே பார்க்கலாம். மவுண்டுக்கு முன் அடைவின் ஐநோட் எண்ணை (டிஸ்கில் ஒவ்வொரு கோப்புக்கும் அடைவுக்கும் உள்ள அடையாள எண்) கேட்டால் ஏதோ ஒரு பெரிய எண் வரும். பின்பு கேட்டால் 2. ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையில் (டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) உச்சி அடைவுக்கு எப்போதும் 2தான். ரூட்டுக்கும் 2, /பேக்கப்புக்கும் 2. ஐநோட் எண் அந்தந்தக் கோப்பு முறைமைக்குள் மட்டுமே செல்லும். ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) எல்லை தாண்டாததும் இதனால்தான்.

சரி, அந்த 40 ஜிபி? ஏதோ ஒரு ராத்திரி டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. அடைவுதான் இருக்கிறதே என்று பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) ரூட் டிஸ்கிலேயே எழுதித் தள்ளிவிட்டது. மறுநாள் டிஸ்க் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. டிஎஃப் கோப்பு முறைமையிடமே கணக்குக் கேட்கிறது. டியூ பாதை வழியே நடப்பதால் தாவித்தான் ஆக வேண்டும்.

டிஸ்கின் மவுண்டை நீக்காமலே அடியில் பார்க்கவும் வழி இருக்கிறது. ரூட்டை /எம்என்டி அடைவில் பைண்ட் மவுண்ட் செய்து (இருக்கும் அடைவை இன்னொரு இடத்திலும் காட்டும் மவுண்ட் இது), அதற்குள் இருக்கும் பேக்கப் அடைவைத் திறந்தால் போதும். கர்னலின் அட்டவணை அடைவை மட்டும் பார்ப்பதில்லை, எந்த மவுண்ட் வழியாக அங்கே வந்தோம் என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. புது வழியில் வந்தவருக்கு அங்கே பதிவு இல்லை; அதனால் தாவலும் இல்லை.

வாசகர் பார்த்தார். இரண்டு நாள் பேக்கப் அப்படியே கிடந்தது. அழித்தபின் டிஸ்கின் மவுண்டை நீக்கி, வெற்று அடைவை மாற்ற முடியாதபடி சட்டர் கட்டளையால் பூட்டச் சொன்னேன். பூட்டினாலும் அதன் மேல் மவுண்ட் செய்யலாம். மவுண்ட் ஆகாத ராத்திரியில் ஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றுவிடும்.