வலி ஏறுகிறதா, இறங்குகிறதா?

என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. இடுப்பிலிருந்து குதிகால் வரை மனித உடலின் பின்பக்கத்தை அதில் கோட்டுப்படமாக வரைந்து கொடுத்தது நான். அதன் குறுக்கே சிவப்புப் பேனாவால் எட்டுக் கோடுகள் போட்டவர் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கும் ஒரு கணக்கு ஆசிரியர். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் கிழமை எழுதியிருக்கிறது, திங்களிலிருந்து அடுத்த திங்கள் வரை. அவர் அனுமதியோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, அந்த ஒரு வாரத்தை எழுதுகிறேன். டர்பனில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு, குறுக்கு வலியோடு வருகிறவர்களிடம் நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்தத் தாளில் இருப்பதாகத் தோன்றுகிறது.

ஆசிரியருக்கு வயது நாற்பதுக்கு மேல். ஓடுவார். அதைவிட ஆசையாக ஓரியன்டீரிங் போவார். தெரியாதவர்களுக்காக: கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. காட்டிலும் புல்வெளியிலும் ஆங்காங்கே வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கொடிகள் தொங்கும். அவற்றை வரிசைப்படி தேடிப் போய், ஒவ்வொன்றிலும் பதிவு செய்துவிட்டு, குறைந்த நேரத்தில் திரும்ப வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது ஓடுகிறவரின் முடிவு. ஸ்காண்டிநேவியாவில் பிறந்த விளையாட்டு இது; இதற்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 1961இல் அமைந்தது. காட்டு ஓட்டத்துக்கான வரைபடம் பெரும்பாலும் 1:10,000 அல்லது 1:15,000 அளவில் இருக்கும். பத்தாயிரம் என்றால் தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 100 மீட்டர்.

முதுகைப் பொறுத்தவரை இது சாலை ஓட்டம் மாதிரி இல்லை. சாலையில் ஒரே மாதிரியான அடி ஆயிரக்கணக்கில் விழும். காட்டில் ஓர் அடி போல இன்னோர் அடி இருக்காது. கிளைக்கு அடியில் குனிய வேண்டும், ஓடையைத் தாண்டிக் குதிக்க வேண்டும், கண் பாதி நேரம் வரைபடத்தில் இருக்கும்.

அவர் முதலில் என்னிடம் வந்தபோது உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வலி குறுக்கில் தொடங்கி வலது கெண்டைக்கால் வரை இறங்கியது. வேறோர் இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தார். குறுக்கில் இருக்கும் எல்-4, எல்-5 முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க், அதாவது மெத்தை போன்ற வட்டு, பிதுங்கியிருந்தது. படத்தைப் பார்த்தவர், “இது எழுபது வயதுக்காரரின் முதுகு, இனி ஓட்டத்தை மறந்துவிடுங்கள்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வலியைவிட அந்தச் சொல்தான் அவரை அதிகம் முடக்கியிருந்தது. குழந்தையைத் தூக்கப் பயம், படியிறங்கப் பயம்.

2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பைப் பற்றி அவரிடம் சொன்னேன். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை அதில் சேர்த்துப் பார்த்தார்கள். நாற்பது வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 50 சதவீதம் பேருக்குப் பிதுங்கல் இருந்தது. எல்லாரும் வலியில்லாமல் நடமாடியவர்கள். தலையில் நரை விழுவது போல டிஸ்கிலும் வயது தெரியும். படத்தில் ஒன்று தெரிவதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. 2017இல் ஆஸ்திரேலியாவில் செய்த இன்னோர் ஆய்வில், பல வருடங்களாக ஓடுகிறவர்களின் டிஸ்குகள் ஓடாதவர்களுடையதைவிட நீர்ச்சத்தோடு நல்ல நிலையில் இருந்தன. ஆகவே ஓட்டம் முதுகைத் தேய்த்துவிடும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

சரி, பிறகு எதை வைத்து ஓடலாமா கூடாதா என்று முடிவு செய்வது? அதற்குத்தான் அந்தத் தாள்.

முதுகில் எரிச்சலடைந்த நரம்பு வழியாகக் காலுக்கு இறங்கும் வலியில், வலி எவ்வளவு கடுமை என்பதைவிட எதுவரை போகிறது என்பதைக் கேட்பது பயன் தரும். கெண்டைக்காலில் இருந்தது தொடைக்கு ஏறி, தொடையில் இருந்தது பிட்டத்துக்கு ஏறி, கடைசியில் குறுக்கில் மட்டும் நின்றால் நரம்பு தேறி வருகிறது என்று அர்த்தம். அப்படி ஏறும்போது குறுக்கில் வலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. குறுக்கில் வலி குறைந்து, பாதத்தில் மரத்துப்போக ஆரம்பித்தால் அது நல்லதல்ல. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். “முதுகு சரியாகிவிட்டது, கால்தான் கொஞ்சம் இழுக்கிறது” என்று நிம்மதியாகச் சொல்கிறவர்களைப் பார்த்து நான் கவலைப்பட்டிருக்கிறேன்.

எனவே தினமும் காலையில் எழுந்து சிறிது நடந்தபின், வலி எதுவரை இருக்கிறதோ அங்கே ஒரு கோடு. கோடு முந்திய நாள் இடத்திலோ அதற்கு மேலோ இருந்தால் அன்றைய பயிற்சி நடக்கலாம். கீழே இறங்கினால் நடை மட்டும்.

வாரக்கதைக்குள் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கோடு போடும் வேலையெல்லாம் மருத்துவர் பார்த்த பிறகுதான். மலஜலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் போவது அல்லது தெரியாமல் கசிவது, இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் பலமிழப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்; மறுநாள் வரை பொறுக்காதீர்கள். பாதத்தை மேலே தூக்க முடியாமல் தரையில் இழுபட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நாம் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும்: காசநோய். அது நுரையீரலோடு நிற்காமல் முதுகெலும்பிலும் வரும். ஓய்விலும் குறையாத முதுகு வலியோடு இரவு வியர்வை, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல் சேர்ந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். குணப்படுத்தக்கூடிய நோய், தாமதமானால் எலும்பு நொறுங்கி, தண்டுவடத்தை அழுத்திவிடும்.

அந்த வாரம் ஆடி மாதத்தில் வந்தது. இங்கே அது குளிர்காலம், மழை குறைவு.

திங்கட்கிழமைக் கோடு நடுத்தொடையில். நாற்பது நிமிட நடை, அப்புறம் மூன்று பயிற்சிகள். கையும் முட்டியும் ஊன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டிப் பத்து விநாடி நிற்பது. பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்குவது. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, பிட்டத்தைத் தூக்குவது. இவற்றோடு, குப்புறப் படுத்துக் கையூன்றி மார்பை மட்டும் தூக்கும் அசைவும் உண்டு. புஜங்காசனம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. முதல் சந்திப்பிலேயே அதைப் பத்து முறை செய்தவுடன் அவர் வலி கெண்டைக்காலிலிருந்து மேலே ஏறியது. அதனால்தான் அவருக்கு அதைக் கொடுத்தேன். எல்லாருக்கும் அது பொருந்தாது. தண்டுவடப் பாதை குறுகிப்போன வயதானவர்களுக்குப் பின்னால் வளைந்தால் வலி கூடும். கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால்தான் அவர்களுக்குச் சுகம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட பயிற்சி உங்களுக்கும் கேட்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை கடற்கரை நடைபாதையில் முப்பது நிமிடம்: நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. சாட்ஸ்வர்த்தின் மேடு பள்ளம் வேண்டாம், சமதளம் போதும் என்று நான்தான் அனுப்பினேன். அடியைக் குறுக்கி, நிமிடத்துக்கு விழும் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டச் சொன்னேன். கால் உடலுக்கு ரொம்ப முன்னால் போய் விழாது, அதிர்வு குறையும். ஓடும்போது வலி கோட்டைத் தாண்டவில்லை. மகிழ்ச்சியாகச் செய்தி அனுப்பினார்.

புதன்கிழமை காலை கோடு கெண்டைக்காலில் இருந்தது.

“ஓடினது தப்புதான் அக்கா. ஸ்கேன் பார்த்தவங்க சொன்னது சரிதான்” என்றார் தொலைபேசியில். குரல் உடைந்திருந்தது. இந்த இடத்தில்தான் பலர் ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள். நான் ஓட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததிலிருந்து இரவு படுத்தது வரை என்னென்ன செய்தீர்கள் தம்பி, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றேன்.

சொன்னார். டர்பனில் பலரைப் போல விடியுமுன் எழுந்து, எழுந்த பத்தாவது நிமிடத்தில் குனிந்து ஷூ கயிறு கட்டியிருக்கிறார். பள்ளி முடிந்ததும் நாற்காலியை விட்டு எழாமல் நாலு மணி நேரம் விடைத்தாள் திருத்தியிருக்கிறார். மாலையில் நேராக அம்மன் கோயில். கூழ் ஊற்றும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கழுவி வைத்த பெரிய அண்டாவை இன்னொருவரோடு சேர்ந்து தூக்கி, இடுப்பைத் திருப்பித் திண்ணையில் வைத்திருக்கிறார். “அது காலி அண்டாதானே?” என்றார்.

வரிசையாகப் பாருங்கள். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பும். காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக எழுவது அதனால்தான். அந்த முதல் மணி நேரத்தில் குனிந்தால் டிஸ்க் மீது வரும் அழுத்தம் மற்ற நேரத்தைவிடக் கூடுதல். அப்புறம், முதுகை வளைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்தால் முதுகெலும்பைக் கட்டிப் பிடித்திருக்கும் தசைநார்கள் இழுபட்டுத் தளர்ந்துவிடும். அவை பழைய நிலைக்குத் திரும்புமுன் குனிந்து, திரும்பி, பாரம் தூக்கினால் தாங்குவது கடினம். ஓடிய முப்பது நிமிடம் அந்த நாளில் முதுகுக்கு மிக நல்ல நேரமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் பழி ஓட்டத்தின் மேல்தான் விழுகிறது.

மூன்று மாற்றங்கள் செய்தோம். ஓட்டம் மாலைக்குப் போனது. ஷூ கட்டக் காலை ஸ்டூல்மேல் தூக்கி வைக்க வேண்டும். விடைத்தாள் திருத்தும்போது அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வகுப்பறையை ஒரு சுற்று நடக்க வேண்டும். அன்று நடையும் புஜங்காசன அசைவும் மட்டும்.

மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா என்றும் கேட்டார். காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டப் போட்டி நடக்கும் ஊர் இது. 1921இலிருந்து டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடிப் பழகிய ஊர். வலியைப் பொறுத்துக்கொள்வதை நாம் இங்கே பெருமையாகப் பேசுகிறோம். ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போடும் பழக்கத்தையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். ஐபுப்ரொஃபென் வகை மாத்திரைகள் நெடுந்தூர ஓட்டத்தில், உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். அதோடு, நாம் நம்பியிருக்கும் அந்தக் கோட்டையே அவை மறைத்துவிடும். வேண்டாம் என்றேன்.

வியாழக்கிழமை கோடு முழங்காலுக்குச் சற்று மேலே ஏறியிருந்தது. மாலையில் சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகத்தில் அவரோடு நானும் நடந்தேன். ஓட்டமில்லை, வரைபடத்தோடு நடை மட்டும். அவர் உடல் காட்டில் என்ன செய்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

நல்லவேளை போனேன். திசைகாட்டி முள் அடிக்கடி சிக்கியது. அவர் நின்று, குனிந்து, அதை ஆட்டிச் சரிசெய்துகொண்டே இருந்தார். லண்டனிலிருந்து உறவினர் வாங்கி வந்ததாம். பூமியின் காந்தப் புலம் இரண்டு அரைக்கோளங்களிலும் எதிரெதிர்ப் பக்கம் சாய்கிறது. வட அரைக்கோளத்துக்கென்று சமன் செய்த முள் இங்கே ஒரு பக்கம் தாழ்ந்து பெட்டியில் உரசும். தென்பகுதிக்கென்று செய்த திசைகாட்டி வாங்கினால் அத்தனை குனிதல் மிச்சம்.

அடுத்தது வரைபடம் பார்க்கும் விதம். தாளை இடுப்பளவில் பிடித்து, தாடை மார்பில் படுமளவு தலையைத் தொங்கவிட்டு, சரிவில் நீளமாகக் கால் வைத்தார். கழுத்தைக் குனிந்து காலை நீட்டும்போது தலையிலிருந்து கால் வரை நரம்புத் தொடர் முழுவதும் இழுபடும். ஏற்கனவே எரிச்சலோடு இருக்கும் நரம்புக்கு அது ஆகாது. தாளைச் சின்னதாக மடித்து, நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். அங்கேயே கால் இழுப்பு குறைந்தது. அவர் முகத்தில் அன்றுதான் நம்பிக்கையைப் பார்த்தேன்.

மூன்றாவது, கொடியருகே பதிவு செய்வது. கருவி தாழ்வான கம்பத்தில் இருக்கும். ஓடிவந்த வேகத்தில் முதுகை வில்லாக வளைத்துக் குனிவது எல்லாருக்கும் பழக்கம். ஒரு போட்டியில் பத்துப் பதினைந்து முறை. ஒரு காலை முன்னே வைத்து, முட்டியை மடக்கி, முதுகு நேராக இறங்கிப் பதிவு செய்யப் பழக்கினோம். ஒரு மரக்குச்சியை நட்டு இருபது முறை செய்தார்.

வெள்ளிக்கிழமை ஓய்வு. கோயிலுக்குப் போனார், கூழ் ஊற்றினார், அண்டா பக்கம் போகவில்லை. சனிக்கிழமை இருபது நிமிட மென்னோட்டம். இரண்டு நாளும் கோடு நடுத்தொடையில்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. வழக்கமாக ஓடும் நீளப் பாதையை விட்டுவிட்டு, கொடிகள் குறைவான பாதையை எடுத்துக்கொண்டார். அங்கே போகக் காரில் நாற்பது நிமிடம். குறுக்குக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு போய், இறங்கியவுடன் ஓடாமல் பத்து நிமிடம் நடந்தார். வரைபடத்தில் அடர்பச்சையாக இருந்த புதர்களைத் தவிர்த்து, சுற்றுவழியானாலும் பாதையோரமே போனார்.

எட்டாவது கொடிக்குப் போகும் செங்குத்தான இறக்கத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு மின்னல் ஓடியது. நின்றார். மரத்தில் கையூன்றி நாலைந்து முறை பின்னால் வளைந்து பார்த்தார். வலி தொடைக்கு ஏறியது. மூன்று கொடிகள்தான் பாக்கி. இருந்தும் அங்கேயே விட்டுவிட்டு, நடந்தே முடிவிடத்துக்குப் போய்ச் சொன்னார். பாதியில் விட்டாலும் முடிவிடத்தில் வந்து சொல்லியாக வேண்டும் என்பது இந்த விளையாட்டின் விதி. இல்லாவிட்டால் ஆளைக் காட்டில் தேட வேண்டிவரும். அவர் பெயருக்கு எதிரே நேரம் பதிவாகவில்லை. அந்த முடிவைத் தனியாகக் காட்டில் நின்று எடுத்தாரே, அதற்காக நான் அவரை மனதாரப் பாராட்டினேன்.

திங்கட்கிழமை காலை தாளைப் படமெடுத்து அனுப்பினார். எட்டாவது கோடு பிட்டத்துக்குச் சற்றுக் கீழே, அந்த வாரத்திலேயே மிக உயரத்தில். அடுத்த வாரத்துக்கு ஓட்டத்தை நாலு நிமிடத்திலிருந்து ஐந்தாக்கினோம். இறக்கங்களுக்கு இன்னும் இரண்டு வாரம், அண்டாவுக்கு அடுத்த ஆடி.